நல்ல நீர்வர்ணப் பெட்டி எது?

மழைக்காலத்தின் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்கு இமயமலையிலும், ஈரம் கசியும் பாறைச் சரிவுகளில் காட்டுக் காசித்தும்பை வகைகள் பூக்கின்றன. இவற்றின் இதழ்கள் மிக மெல்லியவை, நீர் மிகுந்தவை. பறித்த சிறிது நேரத்திலேயே வாடத் தொடங்கும் இப்பூக்களை ஒற்றுத்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தினால், சில நாட்களில் ஊதாவும் இளஞ்சிவப்பும் மறைந்து பழுப்புக் கறை ஒன்றே எஞ்சும். இதழ்களின் வடிவமும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிவிடும். தாவர இயல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளை இப்பேரினத்தின் ஆராய்ச்சியிலேயே செலவிட்டார். உலர்ந்த மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றை இனம் பிரிப்பது எத்துணைக் கடினம் என்பதை அவரைப்போல் உணர்ந்தவர் சிலரே.

மீன்களுக்கும் தவளைகளுக்கும் இதே கதிதான். சாராயத்திலோ பார்மலினிலோ இட்டுவைத்த மாதிரி பல்லாண்டு கெடாமல் இருக்கும். ஆனால் உயிருடன் இருந்தபோது அதன் உடலில் காணப்பட்ட நிறங்கள் நெடுநாள் நில்லா. ஆகவேதான், மாதிரியைச் சேகரிக்கும்போதே அதன் நிறத்தை வர்ணத்தில் தீட்டிவைக்கும் வழக்கம் நம் நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றியது. வில்லியம் ராக்ஸ்பர்க் 1793 முதல் 1813 வரை கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்தார். இந்திய ஓவியர்களைக்கொண்டு அவர் தீட்டுவித்த தாவரச் சித்திரங்கள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. தென்னாட்டில் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர்கள் பணியாற்றினர். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் பெருந்தொகுதிகளில் படங்கள் வர்ணமின்றியே அச்சாயின. அப்பூக்களின் நிறத்தை அறிய விரும்புவோர் ஓவியர் கைப்பட்ட மூலச் சித்திரங்களையே நாட வேண்டும்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் நிழற்படக் கருவி இருக்கையில் தூரிகை எதற்கு என்று கேட்கலாம். நீலத்திற்கும் ஊதாவிற்கும் இடைப்பட்ட பூக்களை நிழற்படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். பூ ஒரு நிறமாகவும் படம் வேறு நிறமாகவும் அமைவது அடிக்கடி நேர்வது. பூவைக் கையில் வைத்துக்கொண்டு, அதே பகல் வெளிச்சத்தில், நிறம் ஒத்துவரும்வரை வர்ணத்தைக் கலந்து பார்க்கும் கண்ணுக்கு நிகரான சாட்சி இன்னும் அருமையாகவே இருக்கிறது.

ஆனால் அந்தச் சாட்சி பொய் சொல்லக்கூடும். கடையில் வாங்கிய வர்ணப்பெட்டியிலுள்ள கருஞ்சிவப்பைக்கொண்டு ஒரு பூ தீட்டப்படுகிறது. சில ஆண்டுகளில் அச்சிவப்பு வெளிறிவிட்டால், பின்னர் அச்சித்திரத்தைக் காண்பவர் அதனை வெண்மை கலந்த மலர் என்றே கொள்வார். கலவைகளில் நேரும் பிழை இதனினும் நுட்பமானது. நீலமும் சிவப்பும் கலந்து தீட்டிய ஊதாவில் சிவப்பு மட்டும் வெளிறினால் பூ நீலமாகிவிடும். நீலமும் மஞ்சளும் கலந்து தீட்டிய இலையில் மஞ்சள் மறைந்தால் இலை நீலம்பாயும். பழைய தாவரச் சித்திரங்களிலும் திரைச்சீலைகளிலும் நீல நிற இலைகள் காணப்படுவது இக்காரணத்தாலேயே. படம் இல்லாவிட்டால் நிறம் தெரியாது என்பதோடு முடியும்; வெளிறிய படமோ தவறான நிறத்தை உறுதியோடு தெரிவிக்கும். ஆகையால் வர்ணப்பெட்டி வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதில் எத்தனை வர்ணங்கள் உள்ளன என்பதன்று. அவை ஒளியைத் தாங்குமா என்பதே.

நீர்வர்ணம் என்பது சிக்கலான பொருளன்று. மிக நுண்ணிய பொடியாக அரைத்த நிறமி, அதனைத் தாளோடு பிணைக்கும் அராபியக் கோந்து, கட்டி வறண்டு வெடிக்காமல் காக்கும் கிளிசரின் அல்லது தேன், பூஞ்சணம் பிடிக்காமல் தடுக்கும் சிறிதளவு மருந்து ஆகியவையே அதன் உறுப்புகள். கோந்து வேலமர இனத்தைச் சேர்ந்த மரங்களின் பிசின். நம் கருவேலம் பிசினுக்கு நெருங்கிய உறவு. மலிவான பெட்டிகளில் இவற்றோடு மற்றொரு பொருளும் சேரும். அதுவே வெள்ளை நிற நிரப்புப் பொடி. நிறமியின் விலை அதிகம். சுண்ணப் பொடியின் விலை குறைவு. மாணவர் தரம் என்று விற்கப்படும் பெட்டிக்கும் ஓவியர் தரம் என்று விற்கப்படும் பெட்டிக்கும் இடையிலுள்ள வேற்றுமையில் பெரும்பகுதி, நிறமி எவ்வளவு, நிரப்புப் பொடி எவ்வளவு என்பதே.

நிரப்புப் பொடியின் அளவைக் கடையிலேயே ஓரளவு அறியலாம். நீரில் கரையாத கறுப்பு மையால் ஒரு தடித்த கோடு இட்டு உலர்த்திய தாளை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். மாதிரி வர்ணத்தைச் சற்றுக் கெட்டியாகக் குழைத்து அக்கோட்டின் குறுக்கே தீட்டி உலரவிட்டால், நிரப்புப் பொடி மிகுந்த வர்ணம் கறுப்பின் மேல் வெண்புகை படிந்தாற்போல் தோன்றும். தூய நிறமி கொண்ட ஒளிபுகும் வர்ணங்கள் கோட்டை ஏறத்தாழ மறைப்பதேயில்லை. காட்மியம் மஞ்சள், காவி போன்றவை இயல்பாகவே ஒளியை மறைப்பவை என்பதால் அவற்றிற்கு இச்சோதனை பொருந்தாது. கோந்து மிகுந்த வர்ணம் உலர்ந்தபின் அரக்குப் பூசியதுபோல் மினுமினுக்கும். கோந்து குறைந்ததோ விரலால் தேய்த்தாலே பொடியாக உதிரும்.

இவையெல்லாம் எளிதில் கண்டுகொள்ளத்தக்க குறைகள். கண்ணுக்குத் தெரியாத குறை ஒளியில் வெளிறுதலே. 1880-களில் லண்டனில், காட்சிச் சாலைகளில் தொங்கவிடப்பட்ட நீர்வர்ண ஓவியங்கள் வெளிச்சத்தில் கெடுகின்றனவா என்பதுபற்றிப் பெரிய வாதம் எழுந்தது. அரசாங்கத்தின் சார்பில் ரஸ்ஸல், ஆப்னி என்னும் இரு விஞ்ஞானிகள் இதனை ஆராய்ந்து 1888-ல் அறிக்கை வெளியிட்டனர். வர்ணம் தீட்டிய தாள் துண்டுகளைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு வெயிலில் வைத்து, சில குழாய்களில் சாதாரணக் காற்றும், சிலவற்றில் உலர்ந்த காற்றும், சிலவற்றில் ஈரக் காற்றும் இருக்குமாறு செய்தனர். சிலவற்றில் காற்றையே நீக்கினர். கார்மைன், கிரிம்ஸன் லேக் போன்ற சிவப்புகள் விரைவில் வெளிறின. அவுரி நீலமும் தப்பவில்லை. காவிகளும் கோபால்ட்டு நீலமும் அசையாமல் நின்றன. ஈரக் காற்றில் அழிவு விரைவாகவும், காற்றும் ஈரமும் அற்ற குழாயில் பெரும்பாலான வர்ணங்களில் மாறுதலின்றியும் இருந்தமை அவ்வறிக்கையின் முக்கியமான முடிவாகும். கடற்கரை ஊர்களிலும் மழைமிகு மலைகளிலும் பணியாற்றுவோர் இதனைச் சற்று ஆழ்ந்து எண்ண வேண்டும். இங்கிலாந்தின் மங்கிய வெளிச்சத்தில் நீண்டநாள் நிற்கும் வர்ணம், நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் அத்தனை நாள் நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வெளிறுவதன் காரணம் சுருக்கமாக இதுதான். நிறமியின் மூலக்கூறு ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சுவதால்தான் நமக்கு நிறம் தோன்றுகிறது. உறிஞ்சிய ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக மாறி நீங்கிவிடும். சில மூலக்கூறுகளில் அது பிணைப்புகளையே உடைத்துவிடுகிறது. பிராணவாயுவும் ஈரமும் அதற்குத் துணைபோகின்றன. உடைந்த மூலக்கூறுக்கு நிறமில்லை. அடர்த்தியாகப் பூசிய வர்ணத்தில் மேலடுக்கு அழிந்தாலும் கீழடுக்கு எஞ்சியிருக்கும். நீரில் கரைத்து மெல்லிதாகப் பூசியதிலோ எஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு துணிக்கு நன்கு பற்றிய சாயமே நீர்வர்ணமாகும்போது ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கும் இது ஒரு விளக்கம்.

இயற்கையில் கிடைக்கும் நிறம் உறுதியானது, செயற்கை நிறம் உறுதியற்றது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அது சரியன்று. மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் சில நாட்கள்கூடத் தாங்குவதில்லை. பூச்சியிலிருந்து பெறும் கார்மைனும் அத்தகையதே. மாறாக, 1935-ல் விற்பனைக்கு வந்த தாலோசயனின் நீலமும், 1958-ல் வெளிவந்த குவினாக்ரிடோன் சிவப்புகளும் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. எனினும் ஒளியைத் தாங்குவதில் பழைய கனிமங்களோடு போட்டியிடத்தக்கவை. கனிமங்கள் எல்லாமே நம்பத்தக்கவை என்பதுமில்லை. பாதரசத்திலிருந்து பெறும் இங்குலிகம் ஒளியில் கறுக்கக்கூடும்; குரோம் மஞ்சளும் நாளடைவில் மங்கும். செம்புக் களிம்பிலிருந்து பெற்ற பழைய பச்சை, தான் தீட்டப்பட்ட தாளையே பழுப்பாக்கி அரித்துவிடும். பிறப்பைக்கொண்டு நிறமியை மதிப்பிடுவதில் பயனில்லை.

பெயரைக்கொண்டு மதிப்பிடுவதிலும் பயனில்லை. வர்ணங்களின் பெயர்கள் வணிகரின் விருப்பப்படி அமைவன. இந்திய மஞ்சள் என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். 1883-ல் திரைலோக்கியநாத் முகர்ஜி, பீகாரில் முங்கேருக்கு அருகிலுள்ள மிர்சாபூரில் மாவிலை ஊட்டப்பட்ட பசுக்களின் சிறுநீரிலிருந்து இந்நிறம் தயாரிக்கப்பட்டதைப் பற்றி எழுதினார். அத்தொழில் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பெயர் மட்டும் இன்றும் டியூபுகளில் அச்சாகிறது. உள்ளே இருப்பவை வேறு வேறு நிறமிகள். அதுபோன்றே 'எமரால்டு பச்சை' என்பது முற்காலத்தில் ஆர்சனிக் கலந்த கொடிய நஞ்சு. இப்போது அப்பெயரில் விற்பது பெரும்பாலும் வேறு பச்சை நிறமிகளின் கலவையே. பெயரின் பின்னே 'ஹியூ' என்னும் சொல் காணப்பட்டால், மூலப்பொருள் இல்லாமல் அதன் சாயல் மட்டும் உள்ளது என்று பொருள்.

இக்குழப்பத்திற்கு மாற்றாக உள்ளதே 'கலர் இண்டெக்ஸ்' எனப்படும் உலகப் பொதுவான நிறமி அட்டவணை. 1920-களில் தொடங்கப்பெற்ற இவ்வட்டவணை, ஒவ்வொரு நிறமிக்கும் ஓர் எழுத்துக் குறியும் எண்ணும் தருகிறது. நீல நிறமிகளுக்குப் பி.பி., சிவப்புக்குப் பி.ஆர்., மஞ்சளுக்குப் பி.ஒய்., ஊதாவுக்குப் பி.வி., பச்சைக்குப் பி.ஜி., பழுப்புக்குப் பி.பி.ஆர். என்பன குறிகள். எடுத்துக்காட்டாகப் பி.பி. 29 என்றால் அது அல்ட்ராமரைன் நீலம். எந்த நாட்டில், எந்தப் பெயரில் விற்றாலும் பொருள் அதுவே. பி.ஆர். 83 என்றால் அலிசரின் கிரிம்ஸன். அழகிய நிறம், ஆனால் மெல்லிய பூச்சில் வெளிறும். என்.ஆர். 4 என்பது கார்மைன்; அதனைப் பதிவுச் சித்திரங்களில் தொடவே கூடாது. வர்ண வில்லையின் உறையிலோ டியூபின் பக்கத்திலோ இந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதே வாங்குவோர் பார்க்க வேண்டிய முதல் அடையாளம். எண் இல்லாத பெட்டி எவ்வளவு அழகாக இருப்பினும், எத்தனை வர்ணங்கள் கொண்டதாயினும், ஆராய்ச்சிப் பணிக்கு உரியதன்று. ஒரே வில்லையில் மூன்று நான்கு எண்கள் குறிக்கப்பட்டிருந்தால் அது முன்கூட்டியே கலந்த கலவை; அதில் ஒன்று வெளிறினாலும் நிறம் திரிந்துவிடும். ஒற்றை நிறமி கொண்ட வர்ணமே தக்கது.

எண்ணோடு ஒளி உறுதியின் தரமும் பல உற்பத்தியாளரால் குறிக்கப்படுகிறது. அமெரிக்கத் தர முறையில் ஒன்று, இரண்டு என்னும் வகுப்புகள் கொள்ளத்தக்கவை. மூன்றும் அதற்கு மேற்பட்டனவும் தள்ளத்தக்கவை. மற்றொன்று நீலக் கம்பளி அளவுகோல். வெவ்வேறு உறுதியுள்ள நீலச் சாயங்கள் ஏற்றிய எட்டுக் கம்பளிப் பட்டைகள் வர்ணத்தோடு சேர்த்து வெயிலில் வைக்கப்படும். முதற்பட்டை மிக விரைவில் வெளிறும். ஒவ்வோர் அடுத்த பட்டையும் அதற்கு முந்தியதைவிட ஏறத்தாழ இருமடங்கு காலம் தாங்கும். இங்கே எண் பெரிதானால் உறுதி அதிகம். முன்கூறிய அமெரிக்க முறையிலோ எண் சிறிதானால் உறுதி அதிகம். இவ்விரண்டையும் மாற்றிப் படித்துவிடுவது எளிதில் நேரும் தவறு. சில நிறுவனங்கள் தமக்கென நட்சத்திரக் குறிகளை வைத்துக்கொள்கின்றன. ஒருவர் நட்சத்திரத்தை மற்றொருவர் நட்சத்திரத்தோடு ஒப்பிட இயலாது.

அச்சிட்டதை நம்பி வாங்கினாலும், வாங்கியதைச் சோதித்துப் பார்ப்பது நன்று. சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. நல்ல வெள்ளைத் தாளில் ஒவ்வொரு வர்ணத்தையும் ஒரு நீண்ட பட்டையாக, ஒரு முனை கெட்டியாகவும் மறுமுனை நீர்த்தும் இருக்குமாறு தீட்ட வேண்டும். உலர்ந்தபின் பட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, இரண்டிலும் நிறமி எண்ணையும் தேதியையும் குறித்து, ஒன்றை உறையிலிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். மற்றதைத் தெற்கு நோக்கிய சன்னலின் கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டிவைக்க வேண்டும். அதன் பக்கத்தில் மஞ்சள் தூளைக் கோந்து நீரில் குழைத்துத் தீட்டிய பட்டை ஒன்றையும் சேர்த்து வைத்தால், வெயிலின் வேகத்தை அறிய அதுவே ஓர் உள்ளூர் அளவுகோல். மஞ்சள் முதலில் மறையும். பின்னர் பொய்ச் சிவப்புகள். வாரந்தோறும் இரு பாதிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, மூன்று மாதம் மாறாமல் நின்றவற்றை மட்டும் வெளிப்பணிப் பெட்டியில் சேர்க்கலாம்.

பள்ளி ஆசிரியர்கள் இதனையே வகுப்புச் சோதனையாக விரிக்கலாம். ஒரே வர்ணப் பட்டையின் இரு துண்டுகளை இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, ஒன்றில் ஈரப் பஞ்சும் மற்றொன்றில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளும் வைத்து இறுக மூடி, ஒரே வெயிலில் வைத்தால் 1888-ஆம் ஆண்டுச் சோதனையின் ஒரு பகுதியை மாணவர்கள் தம் கண்ணாலேயே காண்பார்கள்.

இனி, எத்தனை வர்ணங்கள் வேண்டும்? நாற்பத்தெட்டு வில்லைகள் கொண்ட பெட்டி கண்ணைப் பறிக்கும். ஆனால் அதே விலைக்கு எட்டு நல்ல வில்லைகள் கிடைக்குமானால் எட்டையே வாங்க வேண்டும். தாவரப் பணிக்குப் பின்வருவன போதும்: எலுமிச்சை மஞ்சளுக்கு நெருங்கிய பி.ஒய். 154, மஞ்சட்காவியான பி.ஒய். 43, சூடான சிவப்பாகப் பி.ஆர். 254, குளிர்ந்த ரோஜாச் சிவப்பாகப் பி.வி. 19, நீலங்களில் அல்ட்ராமரைனும் தாலோசயனினும், தாலோசயனின் பச்சையான பி.ஜி. 7, பழுப்பிற்குச் சுட்ட காவியான பி.பி.ஆர். 7. கறுப்பு தேவையில்லை, அல்ட்ராமரைனும் சுட்ட காவியும் சேர்ந்தால் அருமையான சாம்பலும் ஏறத்தாழக் கறுப்பும் கிடைக்கும். இலைப் பச்சையைப் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்துத் தீட்டுவது தொடக்கநிலையினரின் வழக்கம். பி.ஜி. 7 தனித்து நின்றால் எந்த இலையையும் ஒத்திராது. மஞ்சளும் சிறிது சுட்ட காவியும் சேர்ந்த பின்னரே அது உயிருள்ள பச்சையாகிறது.

மிகப் பெரிய சோதனை ஊதாப் பூக்களும் ஆர்க்கிடுகளின் ஒளிரும் வெண்சிவப்புகளுமே. இவற்றைக் கண்டதும் மனம் கடையிலுள்ள மின்னும் ஊதா வர்ணங்களை நாடும். அத்தகைய வர்ணங்களில் பல, ரோடமின் வகைச் சாயங்களால் ஆனவை; வெயிலில் சில வாரங்களிலேயே அவை தம் ஒளியை இழக்கின்றன. பி.வி. 19-உம் அல்ட்ராமரைனும் கலந்த ஊதா அவ்வளவு பளிச்சென்று இராது என்பது உண்மையே. பூவின் ஒளிர்வைத் தாளில் முற்றும் எட்ட முடியாதபோது, சற்று மங்கிய, ஆனால் நிலையான நிறத்தைத் தீட்டி, பூ இதனினும் ஒளி மிக்கது என்று ஓரத்தில் எழுதிவைப்பதே நேர்மை.

வில்லையா, டியூபா என்பது பணியைப் பொறுத்தது. நடந்து திரியும் பணியாளருக்கு வில்லைகளே ஏற்றவை. அரைப் பான் எனப்படும் சிறு கிண்ணம் சுமார் 19 மில்லிமீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் அகலமும் உடையது; எட்டும் சேர்ந்து சட்டைப் பையில் அடங்கும். டியூப் வர்ணம் வகுப்பறைக்கு நல்லது. பெரிய பரப்புகளுக்கு விரைவில் குழையும். வெற்றுக் கிண்ணங்களை வாங்கி டியூபிலிருந்து நிரப்பி உலர்த்திக்கொள்வது சிக்கனமான வழி. தேன் மிகுந்த வகைகள் ஈர நாட்களில் உலராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். மழைக்காட்டில் அவை தொல்லை, வறண்ட தக்காணத்தில் அவையே வசதி. எவ்வகையாயினும், பணி முடிந்ததும் பெட்டியை உடனே மூடாமல் நிழலில் திறந்துவைத்து உலர்த்தாவிடில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் வில்லைகளை மூடிவிடும்.

சிறுவர் பெட்டிகளில் வேறொரு கவனம் தேவை. ஈயம், காட்மியம், குரோமேட் கலந்த நிறமிகள் வகுப்பறைக்குள் வரக்கூடாது. மேலே கூறிய எட்டில் அவை எதுவும் இல்லை. தூரிகையின் முனையை நாவால் கூராக்கும் பழக்கத்தை ஆசிரியர் முதல் நாளிலேயே நிறுத்திவிட வேண்டும். முப்பது குழந்தைகளுக்கு முப்பது மலிவுப் பெட்டிகள் வாங்குவதைக் காட்டிலும், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு நீலம் ஆகிய மூன்று நல்ல டியூபுகளை வாங்கிச் சிறு தட்டுகளில் பிழிந்து பகிர்ந்தளித்தால், செலவும் கட்டுக்குள் நிற்கும்; நிறக் கலப்பின் இலக்கணமும் குழந்தைகளுக்குத் தானாகவே விளங்கும். சுண்ணப் பொடி மிகுந்த மூன்று வர்ணங்களைக் கலந்து சேற்று நிறம் மட்டுமே கண்ட குழந்தை, தனக்கு ஓவியம் வராது என்று எண்ணிக்கொள்கிறது. பிழை பெட்டியினுடையது.

தீட்டிய சித்திரத்தை அமிலமற்ற தாளில் பொதிந்து, இருளிலும் உலர்ந்த இடத்திலும் வைக்க வேண்டும். அலுவலகச் சுவரில் மாட்டுவதற்குப் பிரதி ஒன்று போதும். தாளின் ஓரத்தில், உபயோகித்த ஒவ்வொரு வர்ணத்தையும் கலவாமல் ஒரு சிறு கட்டமாகத் தீட்டி, அதன் கீழ் நிறமி எண்ணை எழுதிவைப்பது மிகவும் உதவும். பிற்காலத்தில் ஏதேனும் வெளிறினால் எது வெளிறியது என்பதை அக்கட்டமே காட்டிக்கொடுக்கும். இடம், தேதி ஆகியவற்றோடு நேரத்தையும் குறிக்க வேண்டும். செங்காந்தள் பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பின்னர் செந்நிறம் அடைவது; எந்த நிலையில் தீட்டியது என்று எழுதாத செங்காந்தட் சித்திரம் பாதிச் செய்தியையே கூறும். இக்குறிப்புகள் யாவும் பென்சிலால் எழுதப்பட வேண்டும். பேனா மைகளில் பல, கார்மைனைப் போலவே வெளிறக்கூடியவை.